ஆரக்கிள் எஸ்க்யூஎல், பிஎல்/எஸ்க்யூஎல் ஃப்ரெஷர் இன்டர்வியூ: எதைப் படிக்கணும், எங்கே மாட்டுவோம்?

புதுவரி
பிஎல்/எஸ்க்யூஎல் (ஆரக்கிள் டேட்டாபேஸுக்குள்ள ஓடுற புரோகிராம் மொழி) டெவலப்பர், அனுபவம் 0–1 வருஷம்னு வர்ற வேலைகளுக்குத் தயாராகணும். டெலிகிராம்ல சுத்துற கேள்வி-பதில் பிடிஎஃப் ரெண்டு மூணு கையில இருக்கு. எல்லாத்துலயும் ‘டிலீட், ட்ரங்கேட், ட்ராப் வித்தியாசம் என்ன’ ரகக் கேள்விங்கதான். அதை உருப்போட்டா போதுமா, வேற என்ன பார்க்கணும்? ஒரு மாசம் டைம் இருக்கு. லேப்டாப் 8 ஜிபி ராம்.

சாய்வுக்கோடு
உருப்போட்டது முதல் பத்து நிமிஷம் தாங்கும், தம்பி. அதுக்கப்புறம் ஸ்கிரீனை ஷேர் பண்ணச் சொல்லி, இல்லேன்னா ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளி, குவெரி (டேபிள்ல இருந்து விவரம் கேட்கிற எஸ்க்யூஎல் வரி) எழுதச் சொல்வாங்க. எழுதி முடிச்சதும் ‘இதை ஓட்டினா எத்தனை ரோ வரும்?’னு ஒரு கேள்வி வரும். ஆள் தேறுறதும் தேறாததும் அந்த இடத்துலதான்.

அதனால பிடிஎஃப்பை ஓரமா வச்சுட்டு ஆரக்கிளோட பழைய மாதிரி டேபிள் எம்ப் (ஊழியர்), டெப்ட் (டிபார்ட்மென்ட்) ரெண்டையும் ஏத்திக்குங்க. நிறைய பேனல்ல கேள்வியே அதை வச்சுத்தான் வரும். எம்ப்ல 14 ரோ, டெப்ட்ல 4 ரோ, அவ்வளவுதான். ஆனா வில்லங்கம் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. கிங்குக்கு மேலதிகாரி கிடையாது, அதனால அவரோட எம்ஜிஆர் ஃபீல்டு நல், அதாவது மதிப்பே இல்லை (சிரிக்காதீங்க, மேனேஜர் எண்தான் அது). கமிஷன் ஃபீல்டுல 4 பேருக்குத்தான் மதிப்பு இருக்கு: 300, 500, 1400, அப்புறம் டர்னருக்கு 0. மீதி 10 பேருக்கும் நல். ஸ்காட், ஃபோர்டு ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம், 3000. டிபார்ட்மென்ட் 40-ல ஒருத்தர்கூட இல்லை. இந்த நாலு விஷயத்தையும் மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொரு குவெரிக்கும் முதல்ல விடையைத் தாள்ல எழுதுங்க, பிறகு ஓட்டிப் பாருங்க. ரெண்டும் ஒத்துவராத இடம்தான் உங்க பாடம்.

8 ஜிபி தாராளம். ஆரக்கிள் 21சி பதிப்போட எக்ஸ்பிரஸ் எடிஷன் இலவசம். அதுவே 2 ஜிபி ராம், 2 சிபியு, 12 ஜிபி டேட்டாவுக்கு மேல எடுத்துக்காது. எழுதிப் பார்க்க எஸ்க்யூஎல் டெவலப்பர், அதுவும் இலவசம். இன்ஸ்டால் பண்ற தலைவலி வேண்டாம்னா ஆரக்கிளோட இலவசத் தளத்துல பிரவுசர்லயே ஓட்டலாம்.

கடைசிபெஞ்ச்
அண்ணே, ‘ரெண்டாவது அதிக சம்பளம்’ கேள்வி எல்லா இடத்துலயும் வருதே. அதை எப்படி எழுதினா ஒத்துக்குவாங்க?

சாய்வுக்கோடு
எழுதுறதுக்கு முன்னாடி திருப்பிக் கேளுங்க: ‘சம்பளத் தொகை மட்டும் வேணுமா, வாங்குற ஆளும் வேணுமா? ஒரே தொகை ரெண்டு பேருக்கு இருந்தா ரெண்டு பேரும் வரணுமா?’ இதைக் கேட்டாலே பாதி கிணறு தாண்டினாப்புல.

தொகை மட்டும்னா ஒரே வரி (சேல்னா சம்பள ஃபீல்டு):

செலக்ட் மேக்ஸ்(சேல்) ஃப்ரம் எம்ப் வேர் சேல் < (செலக்ட் மேக்ஸ்(சேல்) ஃப்ரம் எம்ப்)

விடை 3000. ஆளும் வேணும்னா டென்ஸ்_ரேங்க் (அடுக்கின ரோவுக்கு இட எண் கொடுக்கிறது). உடனே ‘ஏன் ரேங்க் இல்ல, ஏன் ரோ_நம்பர் இல்ல’ன்னு கேட்பாங்க. எம்ப்ல சம்பளத்தை மேலிருந்து கீழா அடுக்குங்க: 5000, 3000, 3000, 2975. ரோ_நம்பர் 1, 2, 3, 4-னு போகும். ரெண்டாவதுன்னு கேட்டா ஸ்காட், ஃபோர்டு ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் மட்டும் வருவார், யாருன்னு சொல்ல முடியாது. ரேங்க் 1, 2, 2, 4. இங்க ‘மூணாவது அதிக சம்பளம்’னு கேள்வியை மாத்தினா ரேங்க் = 3-க்கு ஒரு ரோவும் வராது. டென்ஸ்_ரேங்க் 1, 2, 2, 3, அதனால ஜோன்ஸ் 2975 வந்துடும். இந்த நாலு எண்ணைத் தாள்ல எழுதிக் காட்டினா போதும், டெஃபினிஷன் எதுவும் வேண்டாம்.

ரோநம் (வெளியே வர்ற ரோவுக்கு ஆரக்கிள் தானா போடுற வரிசை எண்) வச்சு எழுதப் போனா ஜாக்கிரதை. வேர் ரோநம் = 2-னு எழுதினா எப்பவுமே பூஜ்ஜியம் ரோ. வேர் நிபந்தனையில தேறினாத்தான் ரோநம் அடுத்த எண்ணுக்கு நகரும். முதல் ரோவுக்கு 1 கொடுத்துப் பார்க்கும், 1 = 2 இல்லைன்னு அந்த ரோ விழுந்துடும், அடுத்த ரோவுக்கும் திரும்ப 1-தான். அதே மாதிரி ரோநம் <= 3 போட்டு அதே மட்டத்துல ஆர்டர் பை போட்டா, ஏதோ 3 ரோவை எடுத்துட்டு அதைத்தான் அடுக்கும். அடுக்கினதை உள் குவெரியா வச்சு, வெளியில ரோநம் போடணும். 12சி-ல இருந்து ஃபெட்ச் ஃபர்ஸ்ட் 3 ரோஸ் ஒன்லி இருக்கு. கடைசி இடத்துல சமமா நிக்கிறவங்களும் வேணும்னா ஒன்லிக்குப் பதில் வித் டைஸ்.

ரோஐடி
மேலே சொன்ன டேபிளை வைத்தே நல் சம்பந்தப்பட்ட கேள்விகளையும் முடித்துவிடலாம். ஃப்ரெஷர் இன்டர்வியூவில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

‘யாருக்கும் மேலதிகாரியாக இல்லாதவர்கள் யார்?’ என்று கேட்டால் கை தானாக இப்படி எழுதும்:

செலக்ட் ஈநேம் ஃப்ரம் எம்ப் வேர் எம்ப்நோ நாட் இன் (செலக்ட் எம்ஜிஆர் ஃப்ரம் எம்ப்)

வரவேண்டியது 8 பேர். வருவது ஒருவரும் இல்லை. உள் குவெரியின் பட்டியலில் கிங்கின் நல் உட்கார்ந்திருக்கிறது. எம்ப்நோ <> நல் என்ற ஒப்பீடு உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, தெரியாது என்ற நிலை. நாட் இன் என்பது எல்லா ஒப்பீடுகளையும் ஆண்ட் போட்டுச் சேர்ப்பது. அதில் ஒன்று ‘தெரியாது’ என்றால் மொத்தமும் ஒருபோதும் உண்மை ஆகாது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு எழுதுங்கள், அல்லது உள்ளே எம்ஜிஆர் இஸ் நாட் நல் சேருங்கள்.

கூட்டல் கேள்வி இன்னொன்று (காம் என்பது கமிஷன் ஃபீல்டு). சம்(சேல் + காம்) எவ்வளவு, சம்(சேல்) + சம்(காம்) எவ்வளவு? முதலாவது 7,800. இரண்டாவது 31,225. நல்லோடு எதைக் கூட்டினாலும் நல் என்பதால், முதலாவதில் கமிஷன் நல் ஆன 10 பேரின் சம்பளமும் கணக்கிலிருந்தே காணாமல் போகிறது. ஆவரேஜ்(காம்) 550, ஏனென்றால் 2,200-ஐ 4 ஆல் வகுக்கிறது. நல்லுக்குப் பதில் 0 வைக்கும் என்விஎல்(காம், 0) போட்டால் 14 ஆல் வகுத்து 157.14. இதில் எது சரி என்று பேனல் கேட்டால் அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லாதீர்கள். கமிஷன் வாங்குபவர்களின் சராசரியா, எல்லா ஊழியர்களின் சராசரியா என்பதைப் பொறுத்தது.

தென்னந்தேள்
கவுண்ட்டையும் சேர்த்துக்குங்க. டெப்ட்டை எம்போட லெஃப்ட் ஜாயின் பண்ணி (ஜோடி இல்லாத டெப்ட் ரோவும் விடுபடாம வரும்) டிபார்ட்மென்ட் வாரியா ஆள் எண்ணினா, கவுண்ட்(*) 40-க்கு 1 காட்டும். ஆளே இல்லாத டிபார்ட்மென்ட்ல ஒரு ஆள்! லெஃப்ட் ஜாயின் அங்க நல் நிரப்பின ஒரு ரோவைப் போட்டிருக்கும், நட்சத்திரம் அந்த ரோவை எண்ணிடும். கவுண்ட்(இ.எம்ப்நோ) போட்டா 0 (இ-ன்னா எம்ப் டேபிள்).

அதே ஜாயின்ல ‘2000-க்கு மேல சம்பளம்’ங்கிற நிபந்தனையை வேர்ல போட்டா 6 ரோ, ஆன்ல போட்டா 7. வேர்ல போட்டதும் 40-ஓட நல் ரோ வடிகட்டப்பட்டு, லெஃப்ட் ஜாயின் சும்மா பேருக்கு நிக்கும், நடக்கிறது இன்னர் ஜாயின்தான் (ஜோடி இருக்கிற ரோ மட்டும் வரும்).

கடைசிபெஞ்ச்
டிலீட் – ட்ரங்கேட் கேள்விக்கு ‘டிலீட்டை ரோல்பேக் பண்ணலாம், ட்ரங்கேட்டை முடியாது’ன்னு சொன்னா போதும்ல? அதுல ஒண்ணும் வில்லங்கம் இல்லையே?

தென்னந்தேள்
இருக்கு. ‘ஆரக்கிள்ல’ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லணும். போஸ்ட்கிரெஸ்லயும் எஸ்க்யூஎல் சர்வர்லயும் டிரான்சாக்‌ஷனுக்குள்ள பண்ணின ட்ரங்கேட்டை ரோல்பேக் பண்ணலாம். ஆரக்கிள்ல அது டிடிஎல் (டேபிள் அமைப்பை மாத்துற வகைக் கட்டளை), தானாவே கமிட் ஆகும், அதாவது மாற்றம் நிரந்தரமாயிடும். கூடவே, அதுக்கு முன்னாடி அதே செஷன்ல கமிட் பண்ணாம வச்சிருந்த இன்சர்ட், அப்டேட் எல்லாமும் கமிட் ஆயிடும். இதைச் சொல்றவங்க கம்மி. இன்னொண்ணு: அந்த டேபிளைச் சுட்டுற ஃபாரின் கீ வேற டேபிள்ல எனேபிள் ஆகி இருந்தா, அந்தப் பிள்ளை டேபிள் காலியா இருந்தாலும் ட்ரங்கேட் ஓரா 2266-ங்கிற ஆரக்கிள் எர்ரரோட நிக்கும். டிலீட் அப்படி நிக்காது, பிள்ளை ரோ இருந்தா மட்டும்தான் தடுக்கும்.

புதுவரி
எஸ்க்யூஎல் பக்கம் புரியுது. பிஎல்/எஸ்க்யூஎல்ல எதுவரைக்கும் போகணும்? பேக்கேஜ், கர்சர், ட்ரிக்கர், கலெக்‌ஷன்னு சிலபஸ் நீண்டுக்கிட்டே போகுது.

ரோஐடி
புதியவரிடம் அவர்கள் பார்ப்பது எக்ஸப்ஷனும் (எர்ரரைக் கையாளுவது) கர்சரும்தான் (குவெரி முடிவை ரோ ரோவாக எடுப்பது). மற்றதெல்லாம் தலைப்பு தெரிந்தால் போதும்.

செலக்ட் இன்ட்டுவில், அதாவது ஒரு ரோவை எடுத்து வேரியபிளில் வைப்பதில், ஆரம்பியுங்கள். ரோ வரவில்லை என்றால் நோ_டேட்டா_ஃபவுண்ட், ஓரா 1403. ஒன்றுக்கு மேல் வந்தால் டூ_மெனி_ரோஸ், ஓரா 1422. இது எல்லோருக்கும் தெரியும். அடுத்த கேள்விதான் பொறி: டிபார்ட்மென்ட் 40-க்கு செலக்ட் மேக்ஸ்(சேல்) இன்ட்டு போட்டால் என்ன ஆகும்? எக்ஸப்ஷன் வராது. க்ரூப் பை இல்லாத அக்ரிகேட் எப்போதும் ஒரு ரோ தரும். வேரியபிளில் நல் வந்து உட்காரும், புரோகிராம் எதுவும் நடக்காதது போல அடுத்த வரிக்குப் போகும். அப்டேட்டும் அப்படித்தான். ஒரு ரோவும் மாறாவிட்டாலும் எர்ரர் இல்லை. எஸ்க்யூஎல்%ரோகவுண்ட் 0 என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். அதையும் கமிட்டுக்கு முன்னால் பாருங்கள். கமிட் ஆனபின் அந்த மதிப்பு 0 ஆகிவிடும்.

வென் அதர்ஸ் தென் நல் என்று எழுதிக் காட்டாதீர்கள். எர்ரரை விழுங்கிவிட்டு வெற்றி என்று திரும்பும் கோடு அது. பிடித்த எர்ரரைப் பதிவு செய்துவிட்டு ரெய்ஸ் போடுங்கள். சொந்த எர்ரருக்கு ரெய்ஸ்_அப்ளிகேஷன்_எர்ரர். எண் -20000 முதல் -20999 வரை மட்டும்.

கேட்கக்கூடிய இன்னொன்று: ஒரு ஃபங்க்‌ஷனுக்குள் நோ_டேட்டா_ஃபவுண்ட் வந்து யாரும் பிடிக்கவில்லை. அந்த ஃபங்க்‌ஷனை பிஎல்/எஸ்க்யூஎல் பிளாக்கிலிருந்து கூப்பிட்டால் எர்ரர் வெளியே வரும். செலக்ட் வரியிலிருந்து கூப்பிட்டால் எர்ரர் இல்லாமல் நல் மட்டும் வரும்.

கர்சரில் ஃபெட்ச் பல்க் கலெக்ட் லிமிட் (ஒரு தடவைக்கு இத்தனை ரோ என்று மொத்தமாக எடுப்பது) வரைக்கும் வாருங்கள். நல்ல பேனல் அங்கே ஒரு கோடைக் காட்டி ‘தவறு எங்கே?’ என்று கேட்கும். எம்ப் மேல் ஒரு கர்சர், லிமிட் 10, ஃபெட்ச் முடிந்த உடனே எக்ஸிட் வென் சி%நாட்ஃபவுண்ட், அதற்குக் கீழே வேலை செய்யும் லூப். முதல் ஃபெட்சில் 10 ரோ வரும், கேட்டது முழுசாகக் கிடைத்ததால் நாட்ஃபவுண்ட் பொய். லூப் ஓடும். இரண்டாவது ஃபெட்சில் 4 ரோதான் வரும், 10-க்குக் குறைந்துவிட்டதால் நாட்ஃபவுண்ட் உண்மை, உடனே வெளியே. அந்த 4 பேரும் கலெக்‌ஷனில் இருந்தும் வேலை நடக்காமல் போய்விட்டது. எர்ரர் கிடையாது. எக்ஸிட் வரியை லூப்பின் கடைசிக்கு நகர்த்துங்கள், அல்லது கலெக்‌ஷனின் கவுண்ட் = 0 என்று சோதியுங்கள். பல்க் கலெக்ட்டுக்கு நோ_டேட்டா_ஃபவுண்டும் வராது, காலிக் கலெக்‌ஷன்தான் வரும்.

ட்ரிக்கரில் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கோடு) இரண்டு எர்ரர் எண் போதும். எம்ப் மேல் இருக்கும் ரோ லெவல் ட்ரிக்கர் அப்டேட்டின் நடுவே எம்ப்பையே செலக்ட் செய்தால் ஓரா 4091, அதாவது மியூட்டேட்டிங் டேபிள். 11ஜி-யில் வந்த காம்பவுண்ட் ட்ரிக்கர் ஒரு வழி. சாதாரண ட்ரிக்கருக்குள் கமிட் போட்டால் ஓரா 4092.

எல்லாம் எழுதியும் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் செட் சர்வர்அவுட்புட் ஆன் போட்டீர்களா என்று பாருங்கள்.

புதுவரி
இண்டெக்ஸ் (ரோவைச் சீக்கிரம் தேட உதவுற பட்டியல்), பர்ஃபார்மன்ஸ் கேள்வி ஃப்ரெஷருக்கு வருமா?

தென்னந்தேள்
வரும், ஆனா ஒரே வடிவத்துல: ‘இண்டெக்ஸ் இருக்கு, ஆனா குவெரி அதைப் பயன்படுத்தல, ஏன்?’ மூணு காரணமாவது உதாரணத்தோட சொல்லணும்.

எனக்குப் பிடிச்சது மொபைல் நம்பர் உதாரணம். மொபைல் ஃபீல்டு வார்சார்2 (எழுத்து வகை), அது மேல இண்டெக்ஸ். குவெரியில மேற்கோள் குறி இல்லாம வெறும் எண்ணா எழுதியாச்சு. ஆரக்கிள் எண்ணை எழுத்தா மாத்தாது. ஃபீல்டு பக்கம்தான் டூ_நம்பர் போடும். ஃபீல்டு மேல ஃபங்க்‌ஷன் விழுந்ததும் சாதா இண்டெக்ஸ் உதவாது. ஏதோ ஒரு ரோவில எழுத்து கலந்திருந்தா ஓரா 1722-னு குவெரியே நின்னுபோகும். ஓடினாலும் ஆபத்து, நின்னாலும் ஆபத்து.

ரெண்டாவது, லைக் ‘%குமார்’. முன்னாடி சதவீதக் குறி வந்தா வரிசையா அடுக்கின பி-ட்ரீ இண்டெக்ஸ்ல எங்க இருந்து தேட ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. மூணாவது, தேதி. ஆரக்கிள் டேட்ல மணி, நிமிஷம், விநாடி சேர்ந்தே இருக்கும். ‘இன்னிக்கு வந்த ஆர்டர்’ கேட்டா சமக்குறி போட்டவருக்கு நள்ளிரவு 12 மணி ஆர்டர் மட்டும் வரும். ட்ரங்க்(ஆர்டர்_டேட்) போட்டவருக்கு விடை சரி, இண்டெக்ஸ் போச்சு. >= இன்னிக்கு, < நாளைக்குன்னு எழுதினா ரெண்டும் நிக்கும்.

நாலாவதா ஒண்ணு உண்டு: குவெரி சரிதான், டேபிள் சின்னது. 14 ரோ டேபிளுக்கு ஃபுல் ஸ்கேன் (டேபிள் முழுக்கப் படிக்கிறது) செய்றதுதான் புத்திசாலித்தனம். ‘ஃபுல் ஸ்கேன் எப்பவுமே கெட்டது’ன்னு சொன்னா எக்ஸ்ப்ளைன் பிளானை (குவெரியை ஆரக்கிள் ஓட்டப்போற வழி) பார்த்துப் பழகாதவர்னு தெரிஞ்சுடும்.

கடைசிபெஞ்ச்
ரெஸ்யூமேல லைப்ரரி மேனேஜ்மென்ட் ப்ராஜெக்ட் போட்டிருக்கு. எல்லாரும் அதையேதான் போடுறாங்க. மாத்தணுமா?

ரோஐடி
மாற்ற வேண்டாம், ஆழமாகப் பாருங்கள். புத்தகமும் பிரதியும் ஒரே டேபிளில் இருக்கிறதா? ஒரே தலைப்பில் 5 பிரதி இருந்தால் தலைப்பு, ஆசிரியர் பெயர் 5 முறை எழுதப்பட்டிருக்கும்; இதை வைத்தே நார்மலைசேஷன் (ஒரே விவரம் திரும்பத் திரும்ப வராமல் டேபிளைப் பிரிப்பது) கேள்விக்கு உங்கள் டேபிளிலிருந்தே பதில் சொல்லலாம். அதன் மூன்றாம் நிலையான 3என்எஃப் டெஃபினிஷனை ஒப்பிப்பதைவிட இது எடுபடும்.

அடுத்து அவர்கள் கேட்கக்கூடியது: ஒரே பிரதியை இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் கொடுத்துவிடாமல் எப்படித் தடுப்பீர்கள்? ‘ஜாவா கோடில் செக் பண்ணுவோம்’ என்பது பலவீனமான பதில், ஏனென்றால் இரண்டு கவுன்ட்டரில் ஒரே விநாடியில் செக் நடந்தால் இரண்டுமே தேறிவிடும். டேட்டாபேஸே தடுக்க வேண்டும். திருப்பிய தேதி நல் ஆக இருந்தால் பிரதி எண்ணையும், இல்லாவிட்டால் நல்லையும் தரும் ஒரு கேஸ் எக்ஸ்பிரஷன் எழுதி, அதன் மேல் யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள். ஆரக்கிளின் பி-ட்ரீ இண்டெக்ஸ் முழுக்க நல் ஆன கீயைச் சேமிப்பதில்லை. எனவே திரும்பி வந்த கடன்கள் எத்தனை இருந்தாலும் மோதாது, வெளியே இருக்கும் பிரதி மட்டும் ஒரு முறைதான் இருக்க முடியும். மீறினால் ஓரா 1. இந்த ஒரு இண்டெக்ஸை ப்ராஜெக்ட்டில் உண்மையாகவே போட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சாய்வுக்கோடு
ஒரு மாசத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னு கேட்டிருந்தாரு. முதல் ரெண்டு வாரம் எஸ்க்யூஎல் மட்டும், மூணாவது வாரம் ரோஐடி சொன்ன பிஎல்/எஸ்க்யூஎல் பகுதி. கடைசி வாரம் புதுசா ஒண்ணும் படிக்க வேண்டாம். எழுதின குவெரியை வரிவரியா வாய்விட்டு ஆங்கிலத்துல விளக்கிப் பழகுங்க. தமிழ்ல நல்லா புரிஞ்சு வச்சிருக்கிறவங்க ‘எக்ஸ்ப்ளைன்’னு கேட்டதும் திணறுறது பாவமா இருக்கும். விளக்கும்போது ஃப்ரம், வேர், க்ரூப் பை, ஹேவிங், செலக்ட், ஆர்டர் பைன்னு நடக்கிற வரிசையில சொல்லுங்க. ‘செலக்ட்ல வச்ச பேரை வேர்ல ஏன் பயன்படுத்த முடியாது, ஆர்டர் பைல ஏன் முடியும்’ங்கிற கேள்விக்கும் அந்த வரிசையே பதில்.

சர்டிஃபிகேட் இருந்தா ரெஸ்யூமே கண்ணுல படும். அதுக்கு மேல அதுக்கு வேலை இல்லை.

புதுவரி
கடைசியா ஒண்ணு. டூப்ளிகேட் ரோவை அழிக்கிற குவெரி. பிடிஎஃப்ல இப்படி இருக்கு, சரியா?

டிலீட் ஃப்ரம் கஸ்டமர் வேர் ரோஐடி நாட் இன் (செலக்ட் மின்(ரோஐடி) ஃப்ரம் கஸ்டமர் க்ரூப் பை ஈமெயில்)

தென்னந்தேள்
ஓடும். ஆனா ஈமெயில் கொடுக்காத கஸ்டமர் 500 பேர் இருந்தா 499 பேரை அழிச்சுடும். சமக்குறி ஒப்பீட்டுல ரெண்டு நல் சமம் ஆகாது. க்ரூப் பை மட்டும் எல்லா நல்லையும் ஒரே குழுவா சேர்த்துடும். அந்தக் குழுவுக்கு ஒரு ரோஐடிதான் மிஞ்சும். வெளியில ஈமெயில் இஸ் நாட் நல்-னு ஒரு நிபந்தனை சேர்க்கணும்.

ரோஐடி
மின்(ரோஐடி) என்றால் முதலில் பதிந்த ரோ என்று சொல்லிவிடாதீர்கள். ரோஐடி என்பது ரோ டிஸ்க்கில் இருக்கும் முகவரி. அழித்த இடத்தில் புது ரோ வந்து உட்காரலாம். ‘கடைசியாகப் பதிந்ததை வைத்துக்கொள்’ என்று கேட்டால் ரோ_நம்பர், பார்ட்டிஷன் பை ஈமெயில், ஆர்டர் பை பதிந்த தேதி டெஸ்க். அதில் 1-க்கு மேல் எண் வாங்கிய ரோஐடிகளை அழியுங்கள். ஸ்கிரீனில் செய்துகாட்டச் சொன்னால் முதலில் அதே நிபந்தனையில் கவுண்ட் எடுங்கள், பிறகு டிலீட், அழிந்த எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் கமிட்.